கதவைத் தட்டுபவர் ஒருவர், ஜப்தி செய்பவர் இன்னொருவர்: தனிநபர் கடனும் நீதிமன்றத் தீர்ப்பும்

வடசென்னையில் ஒரே இடத்தில் மட்டும் கடன் வைத்திருப்பவர்கள் குறைவு. பொழுது விடிந்தால் தண்டல் எனும் தினவசூல் கடன், வாரம் பிறந்தால் மகளிர் குழுக் கடன், சவுகார்பேட்டை அடகுக் கடையில் நகை, தெரிந்தவரிடம் புரோநோட்டு (திருப்பித் தருவதாகக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் கடன் சீட்டு), போதாக்குறைக்குச் செல்போன் செயலி வழியே வந்த கடன் என்று வரிசை நீளும். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள்களில் விசைப்படகுகள் காசிமேட்டில் கட்டிக் கிடக்கும்போது இந்த வரிசை இன்னும் நீளும். வருமானம் நின்றாலும் தவணை நிற்பதில்லை.

இருக்கும் சொற்பப் பணத்தை யாருக்கு முதலில் கொடுப்பது? பெரும்பாலான வீடுகளில் இதற்கு ஒரே விடைதான்: வாசலில் நின்று சத்தம் போடுபவருக்கு. நீதிமன்றத்திலிருந்து வந்த கடிதம் சத்தம் போடாது என்பதால் பீரோவுக்கு மேலே போய்விடுகிறது. ஆனால் சட்டம் யார் கையில் அதிகாரம் கொடுத்திருக்கிறது என்று பார்த்தால், வாசலில் நிற்பவரிடம் அநேகமாக ஒன்றும் இல்லை. பீரோ மேல் கிடக்கும் காகிதத்தில்தான் சம்பளமும் வீடும் சிக்கியிருக்கின்றன.

ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தண்டையார்பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கும் கிடங்கு மேற்பார்வையாளர். மாதச் சம்பளம் 22,000 ரூபாய். புரோநோட்டுக் கடன் 2 லட்சம், செக் கொடுத்து வாங்கியது 60,000, கிரெடிட் கார்டு பாக்கி 80,000, மனைவி நடத்தும் இட்லிக் கடைக்காக வாங்கிய தண்டல் 10,000. இந்த நான்கும் சட்டத்தின் முன் நான்கு வகை.

கடன் எப்போது டிக்ரி ஆகிறது

அடமானம் இல்லாத கடனில், கொடுத்தவர் தானாக எதையும் பறிக்க முடியாது. அவர் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். சென்னை நகரைப் பொறுத்தவரை நகர உரிமையியல் நீதிமன்றமும் சிறு வழக்குகள் நீதிமன்றமும் பாரிமுனையில் உயர் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இருக்கின்றன. வழக்கில் அவர் வென்றால் கிடைப்பது டிக்ரி, அதாவது தீர்ப்பாணை. டிக்ரி கிடைத்த பிறகும் பணம் தானாக வராது. அதைச் செயல்படுத்தக் கோரி நிறைவேற்று மனு தாக்கல் செய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் நீதிமன்ற ஊழியரான அமீனா ஜப்தி உத்தரவோடு வருவார்.

காலக்கெடுக்கள் இரண்டு. பணக் கடனுக்கு வழக்குப் போட 3 ஆண்டு. டிக்ரியை நிறைவேற்ற 12 ஆண்டு. மூன்று ஆண்டு பொறுத்தால் போதும் என்று கணக்குப் போடுபவர்கள் புரோநோட்டின் பின்பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். இடையில் ஐந்நூறு ரூபாய் கொடுத்து, பின்னால் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக 3 ஆண்டு தொடங்கும். கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட கடிதமும், கெடு முடிவதற்குள் எழுதப்பட்டதானால், இதே வேலையைச் செய்யும்.

ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்துப் போட்டு, தொகை எழுதாமல் கொடுத்த வெற்றுப் புரோநோட்டும் செல்லாத காகிதம் அல்ல. அதை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 20ஆவது பிரிவு தருகிறது. வாங்கியது குறைவு, எழுதியது அதிகம் என்று நிரூபிக்கும் சுமை வாங்கியவர் தலையில்தான் விழும்.

சம்மன் வந்த நாள்

இந்தப் பகுதியில்தான் அதிகப் பணம் வீணாகிறது. சம்மனில் மூன்று விவரங்களை முதலில் பார்க்க வேண்டும்: எந்த நீதிமன்றம், வழக்கு எண், ஆஜராக வேண்டிய தேதி. கூடவே வாதியின் மனு நகல் இருக்கும். எவ்வளவு கடன், எவ்வளவு வட்டி என்று அவர் சொல்கிறார் என்பது அதில் தெரியும்.

1. வாங்க மறுத்தால் தப்பிக்கலாம் என்பது தவறு. பதிவுத் தபாலை மறுத்துத் திருப்பி அனுப்பினால் சார்வு ஆனதாகவே, அதாவது உங்களிடம் சேர்ந்துவிட்டதாகவே, நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். கதவில் ஒட்டிவிட்டுப் போகவும் சட்டத்தில் வழி உண்டு.

2. சாதாரண வழக்கில் எதிர்வாதுரை, அதாவது உங்கள் தரப்புப் பதில், தாக்கல் செய்ய 30 நாள். நீதிமன்றம் நீட்டித்தாலும் 90 நாளுக்குள். புரோநோட்டு, செக் போன்றவற்றின் பேரில் சுருக்க விசாரணையாக வழக்குப் போட்டிருந்தால் நிலைமை இன்னும் இறுக்கம்: சம்மன் கிடைத்த 10 நாளுக்குள் ஆஜராவதாகத் தெரிவிக்க வேண்டும். பிறகு எதிர்த்து வழக்காடவே தனியாக அனுமதி கேட்க வேண்டும்.

3. போகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி டிக்ரி, அதாவது உங்கள் தரப்பைக் கேட்காமலே ஒருதலைத் தீர்ப்பு. அதை ரத்து செய்யக் கோர 30 நாள் மட்டுமே. சம்மனே சரியாகச் சார்வு செய்யப்படவில்லை என்றால், டிக்ரி பற்றித் தெரியவந்த நாளிலிருந்து 30 நாள். தாமதத்துக்குக் காரணம் காட்டலாம். ஆனால் ஒரு பகுதியைக் கட்டிவிட்டு வா என்று நிபந்தனை விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

4. கடன் உண்மைதான், வாதாட ஒன்றும் இல்லை என்றாலும் போக வேண்டும். காரணம் தவணை. வழக்கு நடக்கும்போது கேட்டால், தகுந்த காரணம் இருப்பின் டிக்ரித் தொகையைத் தவணையில் கட்ட நீதிபதியே உத்தரவிடலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 20ஆவது கட்டளை, 11ஆவது விதி இதைச் சொல்கிறது. டிக்ரி ஆன பிறகு கேட்டால், அதே தவணைக்குக் கடன் கொடுத்தவரின் சம்மதம் வேண்டும். ஒரே கோரிக்கைதான், சில மாதம் முன்னால் கேட்டால் நீதிபதி முடிவு செய்வார், பின்னால் கேட்டால் எதிராளி முடிவு செய்வார். வாய்தாவுக்குப் போக ஒரு நாள் கூலி போகிறதே என்று வீட்டில் இருந்துவிடுபவர் இழப்பது இதைத்தான்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்பது நியாயமான பதில்தான். ஆனால் பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர் சட்டம் குறிப்பிடும் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச வக்கீல் கிடைக்கும். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

செக் கொடுத்திருந்தால்

செக் திரும்புவது பணத் தகராறு மட்டுமல்ல, குற்றம். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அதற்கு முன் ஒரு வாசல் திறந்திருக்கிறது. செக் திரும்பியதாக வங்கி தெரிவித்த 30 நாளுக்குள் கடன் கொடுத்தவர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அந்த நோட்டீஸ் கையில் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கொடுத்துவிட்டால் குற்றமே இல்லை. நம் மேற்பார்வையாளரின் நான்கு கடன்களில் நாள் எண்ணிக் கட்ட வேண்டியது இது ஒன்றுதான்.

தொகை எழுதாத செக்தானே கொடுத்தேன் என்ற வாதம் எடுபடுவது கடினம். கையெழுத்திட்ட வெற்றுச் செக்கை வேறொருவர் நிரப்பினாலும் அது கடனுக்காகவே கொடுக்கப்பட்டது என்ற சட்ட அனுமானம் பொருந்தும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2022இல் வந்த இன்னொரு தீர்ப்பு கடன் வாங்கியவருக்குச் சாதகம். செக் கொடுத்த பிறகு ஒரு பகுதிப் பணத்தைத் திருப்பியிருந்து, அதைச் செக்கில் குறிக்காமல் முழுத் தொகைக்கும் வங்கியில் போட்டால், 138 பொருந்தாது. ஆனால் அந்தப் பகுதிப் பணம் கொடுத்ததற்கு ஆதாரம் இருக்க வேண்டும். கையில் கொடுத்தேன், அவருக்கே தெரியும் என்பது ஆதாரம் ஆகாது.

இந்த வழக்கு எந்தக் கட்டத்திலும் சமாதானமாக முடியக்கூடியது. முடிப்பதானால் விரைவில் முடிப்பது மலிவு. விசாரணை நடக்கும்போதே செக் தொகையில் 20 விழுக்காடு வரை இடைக்கால இழப்பீடாகக் கொடுக்கச் சொல்ல 2018 முதல் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

டிக்ரிக்குப் பின் எதைத் தொடலாம், எதைத் தொட முடியாது

அமீனா வருகிறார் என்றதும் வீட்டுச் சாமான்களை எல்லாம் தெருவில் எறிவார்கள் என்று பயப்படுகிறார்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. உடுக்கும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை ஆகியவற்றில் அவசியமானவற்றைத் தொடக் கூடாது. மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகையை, நம் ஊரில் தாலியை, தொடக் கூடாது. கைவினைஞரின் தொழில் கருவிகளைத் தொடக் கூடாது. வருங்கால வைப்பு நிதியையும் அரசு ஓய்வூதியத்தையும் தொடக் கூடாது. கூலித் தொழிலாளியின் கூலியையும் வீட்டு வேலை செய்பவரின் சம்பளத்தையும் முழுவதுமாகவே விட்டுவிட வேண்டும். பொழுது சாய்ந்த பிறகும் விடிவதற்கு முன்பும் குடியிருக்கும் வீட்டுக்குள் ஜப்திக்காக நுழையக் கூடாது. டிவி, பிரிட்ஜ், மோட்டார் சைக்கிள் இந்தப் பட்டியலில் இல்லை. வங்கிக் கணக்கில் இருக்கும் பணமும் பொதுவாகச் சிக்கும்.

சம்பளத்துக்குத் தனிக் கணக்கு. முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் விலக்கு. நம் மேற்பார்வையாளரின் 22,000 ரூபாயில் 1,000 போக மீதி 21,000. அதில் 14,000 விலக்கு. ஆக 15,000 அவருக்கு, அதிகபட்சம் 7,000 ஜப்திக்கு. ஒரே டிக்ரிக்காக மொத்தம் 24 மாதம்தான் இப்படிப் பிடிக்க முடியும், அதாவது 1,68,000 ரூபாய். அதற்குப் பிறகு அந்த டிக்ரிக்காக அவர் சம்பளத்தில் கைவைக்க முடியாது. 1,000 ரூபாய் என்ற எல்லை எந்தக் காலத்து விலைவாசியை வைத்து எழுதப்பட்டது என்பதைப் படிப்பவரே ஊகித்துக்கொள்ளலாம்.

சொந்த வீட்டுக்கு நகரத்தில் இத்தகைய பாதுகாப்பு இல்லை. விவசாயியின் வீட்டுக்கு விலக்கு உண்டு, கொருக்குப்பேட்டையில் அரை கிரவுண்டில் கட்டிய வீட்டுக்கு இல்லை. ஏலம் போன பிறகும் ஒரு கடைசி வழி இருக்கிறது: ஏல நாளிலிருந்து 60 நாளுக்குள் டிக்ரித் தொகையையும், ஏலத்தில் எடுத்தவருக்கு ஏலத் தொகையில் 5 விழுக்காட்டையும் நீதிமன்றத்தில் கட்டினால் ஏலம் ரத்தாகும்.

சிறை? பணம் கட்ட முடியாத ஏழையைச் சிறையில் அடைக்க முடியாது. வசதி இருந்தும் கட்ட மறுக்கிறார், அல்லது சொத்தை மறைத்து ஓடப் பார்க்கிறார் என்பது போன்ற காரணங்களை நீதிமன்றம் எழுத்தில் பதிவு செய்த பிறகே கைது. 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதை அழுத்தமாகச் சொன்னார். அதிகபட்சம் 3 மாதம். சிறை சென்று வந்தாலும் கடன் தீராது. பணத்துக்கான டிக்ரியில் பெண்களைக் கைது செய்யவே முடியாது. குழுக் கடன் வசூலிக்க வருபவர் உன்னை உள்ளே தள்ளிவிடுவேன் என்று ஒரு பெண்ணை மிரட்டினால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 56ஆவது பிரிவின் எண்ணைச் சொல்லிக் கேட்கலாம்.

ஜாமீன் கையெழுத்துப் போட்டவருக்கும் கடன் வாங்கியவருக்குச் சமமான பொறுப்பு உண்டு. கடன் வாங்கியவர் இறந்துவிட்டாலோ, வாரிசுகளின் பொறுப்பு அவர் விட்டுச்சென்ற சொத்தின் மதிப்போடு நின்றுவிடும்.

கட்டிய பணம் கணக்கில் ஏறாத கதை

டிக்ரி ஆன பிறகு கடன் கொடுத்தவர் வீட்டுக்குப் போய் மாதம் ஐயாயிரம் கொடுக்கிறார் ஒருவர். ரசீது கேட்பது மரியாதையில்லை என்று கேட்பதில்லை. இரண்டு ஆண்டு கழித்து முழுத் தொகைக்கும் நிறைவேற்று மனு வருகிறது. பாரிமுனையில் வழக்குகளைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய கதை. கேட்டால் அதெல்லாம் வட்டிக்கு என்பார்கள், அல்லது வாங்கவே இல்லை என்பார்கள்.

உரிமையியல் நடைமுறைச் சட்டம், 21ஆவது கட்டளையின் 1, 2ஆவது விதிகள் இதில் கறாரானவை. டிக்ரிப் பணத்தை நீதிமன்றத்தில் கட்ட வேண்டும், அல்லது மணியார்டர், வங்கி, எழுத்து ஆதாரம் உள்ள வேறு வழியில் கொடுக்க வேண்டும். நீதிமன்றத்துக்கு வெளியே கொடுத்ததைப் பதிவு செய்யச் சொல்லி 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும். பதிவாகாத தொகையை நிறைவேற்று நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. எனவே:

1. டிக்ரிக்குப் பிறகு ரொக்கமாக ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது. வங்கிப் பரிமாற்றத்தில் வழக்கு எண்ணைக் குறிப்பிட வேண்டும்.
2. கடன் முழுவதும் தீர்ந்ததும், முழுத் திருப்தி பதிவானதற்கான உத்தரவின் சான்றிட்ட நகலை நீதிமன்றத்திலிருந்து வாங்கிவைக்க வேண்டும்.
3. புரோநோட்டையும் செக்கையும் திரும்ப வாங்காமல் கடைசித் தவணையைக் கொடுக்கக் கூடாது.

வாட்ஸ்அப்பில் வரும் நோட்டீஸ்கள்

கார்டு, செயலிக் கடன்களுக்கு இப்போது வரும் காகிதங்களில் நீதிமன்ற முத்திரை போல ஏதோ இருக்கும். சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்துக்கு வரச்சொல்லும் அழைப்பு சம்மன் அல்ல. போகாவிட்டால் வாரண்ட் வராது. ஆனால் போவது நல்லது, வட்டியைக் குறைத்துப் பேச அது ஏற்ற இடம். ஒரு எச்சரிக்கை மட்டும்: அங்கே கையெழுத்திட்டுவிட்டால் அது டிக்ரிக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. மாதம் மூவாயிரம்தான் முடியும் என்றால் மூவாயிரத்துக்கே ஒப்புக்கொள்ள வேண்டும், கௌரவத்துக்காக ஐயாயிரம் என்று சொல்லிவிடக் கூடாது.

நடுவர் மன்ற நோட்டீஸ் வேறு. கடன் ஒப்பந்தத்தின் நுண்ணிய எழுத்தில், தகராறை நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு நடுவர் தீர்ப்பார் என்ற விதி இருந்தால் அவர் தரும் தீர்ப்பும் டிக்ரி போலவே நிறைவேறும், எதிர்த்துப் போக 3 மாதமே அவகாசம். கடன் கொடுத்த நிறுவனம் தானே தன்னிச்சையாக நடுவரை நியமித்திருந்தால் அதை எழுத்தில் ஆட்சேபிக்கலாம். இத்தகைய நியமனம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு உத்தரவு. மீறினால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர்.

தண்டல்காரர் எங்கே நிற்கிறார்

பத்தாயிரம் தண்டல் என்றால் கையில் வருவது 8,500. தினம் நூறு ரூபாய் வீதம் 100 நாள். நூறு கட்டம் போட்ட சிறிய அட்டையில் ஒவ்வொரு நாளும் ஒரு கட்டம் அடிபடும். 8,500க்கு 1,500 தானே என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால் ஆண்டுக்குச் சுமார் 120 விழுக்காடு வட்டி ஆகிறது. இதற்காகவே 2003இல் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. தண்டல், நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி எல்லாம் அதில் பெயர் சொல்லியே வருகின்றன. தண்டனை 3 ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும். வாங்கியவர் நீதிமன்றத்தில் பணத்தைச் செலுத்திக் கடனை முடித்துக்கொள்ளவும் அச்சட்டம் வழி தருகிறது.

அப்படியானால் தண்டலைக் கடைசியில் தள்ளிவிடலாமா? சட்டப்படி ஆம். ஆனால் நாளை காலை மாவுக்கும் எண்ணெய்க்கும் காகிதம் கேட்காமல் பணம் தருபவர் அவர் ஒருவர்தான் என்பதும் உண்மை. அவருக்கு முதலில் கொடுப்பவர்கள் முட்டாள்கள் அல்ல. அவர்கள் நாளைய வியாபாரத்தைக் காப்பாற்றுகிறார்கள். இருக்கிற அட்டையை முடிக்கலாம், அதன் மேல் இன்னொரு அட்டை எடுக்கக் கூடாது. டிக்ரிக் கடனைக் கட்டுவதற்குத் தண்டல் வாங்குவது எல்லாவற்றையும் விட மோசம். கைமாற்றுக் கடனின் டிக்ரியில் தீர்ப்புக்குப் பிந்தைய வட்டி ஆண்டுக்கு 6 விழுக்காட்டைத் தாண்டாது. வணிகக் கடனுக்கு மட்டுமே அதற்கு மேல் போகலாம்.

ஆக, வாடகையும் சாப்பாடும் போக மீதியில் நம் மேற்பார்வையாளரின் வரிசை இது. செக் நோட்டீஸ் வந்திருந்தால் அது முதலில். புரோநோட்டு வழக்கில் ஆஜராகித் தவணை வாங்கி, அதைத் தவறாமல் கட்டுவது இரண்டாவது. ஓடிக்கொண்டிருக்கும் தண்டல் அட்டை மூன்றாவது. கார்டு பாக்கி கடைசியில், அதுவும் மொத்தமாகப் பேசி முடிக்கும் பணம் சேர்ந்த பிறகு.

மஞ்சள் கடுதாசி

எந்த வரிசையிலும் கட்ட முடியாமல் நீதிமன்றத்தில் நொடிப்பு மனு போடுவதற்கு ஐ.பி. கொடுப்பது, மஞ்சள் கடுதாசி கொடுப்பது என்று ஊரில் பெயர். தனிநபர்களுக்கான புதிய திவால் சட்டப் பகுதி, நிறுவனக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. எனவே சென்னையில் இன்றும் 1909ஆம் ஆண்டின் மாகாணத் தலைநகரங்களுக்கான நொடிப்புச் சட்டமே. மனு போட வேண்டிய இடம் உயர் நீதிமன்றம்.

நொடித்தவர் என்று அறிவிக்கப்பட்டால், ஜப்தி விலக்கு உள்ளவை தவிரச் சொத்துகள் எல்லாம் அஃபீஷியல் அசைனி என்ற அதிகாரியிடம் போகும். அவர் விற்றுக் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடுவார். கைதிலிருந்து பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். ஆனால் நகை, வீடு, வண்டி அடமானத்தின் பேரில் கொடுத்தவருக்கு அடமானத்தின் மேலுள்ள உரிமை அப்படியே இருக்கும். செக் வழக்கையும் இது நிறுத்தாது. நொடிப்புக்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் வீட்டை மனைவி பெயருக்குத் தானமாக எழுதியிருந்தால் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். மனுவுக்கு முந்தைய 3 மாதத்துக்குள் மற்றவர்களை விட்டுவிட்டு மைத்துனருக்கு மட்டும் சலுகையாகக் கடனைத் தீர்த்திருந்தால் அதையும் அசைனி திரும்பக் கேட்கலாம். சொத்தே இல்லாத மாதச் சம்பளக்காரருக்கு இந்த வழியில் கிடைக்கும் லாபம் குறைவு. அவருக்கு 60ஆவது பிரிவு ஏற்கெனவே தரும் பாதுகாப்பே பெரும்பாலும் போதும்.